சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கும் வள்ளத்து இன்ஜின்: காயிலை மாற்றுவதற்கு முன்னால்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தொண்டியில் மாமாவோடு கூட்டாக ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறார். பெட்ரோலில் ஓடும் 2 ஸ்ட்ரோக், 2 சிலிண்டர் அவுட்போர்டு இன்ஜின், வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டுகிற வகை. காலையில் இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இருபது நிமிடம் நன்றாகப் போகிறது. அப்புறம் வேகம் கொடுத்தால் படபடவென்று மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது விட்டுவிட்டு ஓடுகிறது, இழுவை இல்லை, சில நாள் அணைந்தே போகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது. பிளக் இரண்டும் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. "காயில்தான் அண்ணே போயிருக்கும், மாத்திடவா?" என்று கேட்கிறார்.

மாற்றாதீர்கள் தம்பி. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற அந்தக் காயிலாகவே இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது.

செட்டிநாட்டில் கடல் ஏது, காரைக்குடிப் பட்டறைக்காரனுக்கு வள்ளத்து இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். என் பட்டறையில் பாதி வேலை பம்புசெட்டும் ஜெனரேட்டரும்தான். மீதி தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து டாடா ஏஸில் வந்து இறங்கும் அவுட்போர்டுகள். கிணற்று உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியைப் பூசி, தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். அதுதான் எங்கள் ஊர்க் கடல். அந்தக் கடல் என்னை ஏமாற்றிய கதையையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "சூடானால் மிஸ்ஸிங்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிந்தது "இருபது நிமிடம் கழித்து மிஸ்ஸிங்" என்பது மட்டும்தான். அந்த இருபது நிமிடத்தில் இன்ஜின் சூடேறியிருக்கிறது, சரி. கூடவே டேங்கில் எண்ணெய், அதாவது பெட்ரோல், இறங்கியிருக்கிறது. கரையோரம் மெதுவாக வந்த வள்ளம் வெளியே போய் முழு வேகம் எடுத்திருக்கிறது. தாழை, அதாவது கடல் புல், மிதக்கும் இடத்தையும் தாண்டியிருக்கிறது. சூடு, நேரம், பாரம் மூன்றும் ஒன்றாகவே ஏறுகின்றன. எது குற்றவாளி என்று பிரித்துப் பார்க்காமல் பார்ட்ஸ் மாற்றுவது, மூன்று பேரில் கண்ணில் பட்டவனைப் பிடித்து உள்ளே போடுகிற கதை.

ஆறவிட்டால் சரியாகிறது என்பதும் அப்படித்தான். அரை மணி நேரத்தில் இன்ஜின் மட்டுமா ஆறுகிறது?

இப்போது அந்தக் கதை. சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இதே புகாரோடு இன்ஜினைக் கொண்டுவந்தார். உறைத் தொட்டியில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு மிஸ்ஸிங் இல்லை. அவரோ சூடானால் வருகிறது என்று அடித்துச் சொல்கிறார். காயில் பழசு, கவசத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு வேறு. புதுக் காயில் போட்டு அனுப்பினேன். மறுநாளே போன். அப்புறம் நானே போய் அவர் வள்ளத்தில் ஏறினேன். சரியாக அதே நேரத்தில் இன்ஜின் முக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் எண்ணெய்க் குழாயில் கையால் அமுக்குகிற ரப்பர் பந்து, உறிஞ்சின மாம்பழம் மாதிரி சப்பிக் கிடக்கிறது. டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நாலு நொடியில் இன்ஜின் சீறிக்கொண்டு கிளம்பியது. அலை தெறித்து டேங்கில் தண்ணீர் போய்விடும் என்று மனிதர் திருகை இறுக்கி மூடி வைத்திருந்தார். எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் ஏறும், பம்பால் இழுக்க முடியாது. அரை மணி நேரம் நிறுத்தினால் மூடியின் இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகும், இன்ஜின் "ஆறி" சரியாகிவிடும். என் தொட்டியில் ஏன் வரவில்லை? நான் என் டேங்கை மாட்டியிருந்தேன். காயில் காசை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் என் முதல் யோசனை, கோளாறு வரும்போது அந்த இடத்திலேயே பாருங்கள். வைத்தியர் காய்ச்சல் அடிக்கும்போது நாடி பார்க்கணும், விட்டபிறகு பார்த்தால் என்ன தெரியும்? இரண்டு பேராகப் போங்கள். கரை தெரிகிற தூரத்திலேயே சுற்றுங்கள். துடுப்பு, நங்கூரம், சார்ஜ் ஏறின போன் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு வள்ளம் இருந்தால் ரொம்ப நல்லது. மிஸ்ஸிங் தொடங்கினதும் வேகத்தைக் குறைக்காமல், கூட வந்தவரை ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லுங்கள். பந்து சப்பியிருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று அவர் கைக்குத் தெரியும். அமுக்கியதும் இன்ஜின் மீண்டால் கோளாறு எண்ணெய்ப் பக்கம். காயிலை மறந்துவிடலாம்.

பந்து சப்பியிருந்தால் அடைப்பு பந்துக்குப் பின்னால், அதாவது டேங்க் பக்கம் இருக்கிறது: காற்றுத் திருகு, டேங்குக்குள் இறங்கும் குழாயின் வலை, அல்லது அந்தப் பாதிக் குழாய். பந்து சப்பாமல், அமுக்க அமுக்க மட்டும் இன்ஜின் ஓடினால் எண்ணெய் பம்பின் டயாஃப்ராம் சந்தேகம். அது மெல்லிய சவ்வு, பழசானால் விறைத்துவிடும் அல்லது ஓட்டை விழும். குழாயின் மூட்டில் எங்காவது காற்று இழுத்தாலும் இதே மாதிரிதான் காட்டும்.

குழாயைப் பற்றித் தனியாகச் சொல்லணும். வெளியே புதிது மாதிரி பளபளப்பாக இருக்கும். உள்ளே ஒரு படலம் உரிந்து தொங்கும். மெதுவாகப் போகும்போது எண்ணெய் அதைத் தாண்டிப் போய்விடும். வேகம் எடுத்து இழுப்பு கூடினால் அந்தப் படலம் கதவு மாதிரி வந்து அடைக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வெட்டினால்தான் தெரியும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். கடற்கரையில் பாதி டேங்க் பெட்ரோலை நாலு வாரம் வைத்திருந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்க வாய்ப்பு உண்டு. இன்ஜின் தேயாமலிருக்கப் பெட்ரோலில் கலக்கிற 2T ஆயில் மேலே பெட்ரோலோடு இருந்துவிடும், அடியில் இருப்பதில் ஆயிலே இருக்காது. வள்ளம் ஆடி அந்த அடித்தண்ணீர் உள்ளே போனால் மிஸ்ஸிங் மட்டுமல்ல, பிஸ்டனுக்கே ஆபத்து. டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அத்தனையையும் கொட்டுங்கள். தண்ணீரிலும் மணலிலும் அல்ல, அது வேறு விஷயம்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. அதே மாதிரி இன்ஜின் வைத்திருக்கிறவரிடம் அவர் டேங்கையும் குழாயையும் பந்தோடு ஒரு நாள் கடன் வாங்கி ஓட்டுங்கள். கோளாறு போய்விட்டால் பாதி இன்ஜினைச் சோதித்து முடித்த மாதிரி. செலவு ஒரு டீ.

வெயில் காலத்தில் இன்னொன்றும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும், வள்ளங்கள் போகும். அக்னி நட்சத்திர வெயிலில் டேங்க் திறந்த வள்ளத்தில் காய்கிறது. பெட்ரோலில் லேசான பகுதி 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கும். குறிப்பாக நன்றாக ஓடின இன்ஜினை வலை இழுக்கப் பத்து நிமிடம் அணைத்தால், குளிர்த்தண்ணீர் நின்றுபோவதால் இன்ஜின் மூடிக்குள் சூடு முன்பைவிட ஏறும். அணைத்தபிறகுதான் அதிகச் சூடு, பலருக்கு இது தெரியாது. அப்போது ஸ்டார்ட் ஆக மறுத்தால் பந்தை இறுகும்வரை அமுக்குங்கள். டேங்கின்மேல் ஈரச்சாக்கு போடுங்கள். காற்றுத் திருகை மட்டும் சாக்கு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பந்தை அமுக்கியும் ஒரு மாற்றமும் இல்லை, கடன் வாங்கின டேங்கிலும் அதே மிஸ்ஸிங். இப்போது கரண்ட் பக்கம் வரலாம்.

மிஸ்ஸிங் அடிக்கும்போதே, வேகத்தைக் குறைக்காமல் ஸ்டாப் பட்டனை அமுக்கி அணையுங்கள். மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் பிளக் பழைய கதையைச் சொல்லாது. உடனே இரண்டு பிளக்கையும் கழற்றி எது எந்த சிலிண்டர் என்று குறித்து வையுங்கள். ஒன்று காய்ந்த பழுப்பு நிறம், இன்னொன்று எண்ணெய் சொட்டச் சொட்ட ஈரம் என்றால் ஈரமான சிலிண்டரில் கரண்ட் நிற்கிறது. இரண்டுமே ஈரம் என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில். இரண்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் எண்ணெய் போதவில்லை, திரும்ப மேலே போய்ப் படியுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்று, டேங்கிலும் தண்ணீர் இல்லையென்றால் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர் தலையை அடைக்கிற தகடு, சந்தேகம்.

ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பைக்கில் அந்தக் காலத்தில் செய்ததுதான். சிடிஐ என்கிற எலக்ட்ரானிக் பெட்டி பொறியை உண்டாக்குகிற இன்ஜினில் கரண்டுக்குப் போக இடமில்லாமல் காயிலையோ சிடிஐ பெட்டியையோ சுட்டுவிடும். நல்லதாக இருந்ததையும் கெடுத்துவிட்டு, பார்த்தாயா சிடிஐ போச்சு என்பது. அதற்குப் பதில் பிளக் வயரில் கவ்வுகிற டைமிங் லைட் ஒன்று வாங்குங்கள். டவலால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்னல். மிஸ்ஸிங் வரும்போது மின்னலும் விட்டுவிட்டு வந்தால் கரண்ட் கோளாறு. இன்ஜின் முக்கும்போதும் மின்னல் ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் கரண்ட் குற்றமில்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பிளக்கின் பீங்கானில் வெடிப்பிருந்தால் கரண்ட் வயர் வழியே போய் பாதியில் கசிந்துவிடும், லைட்டுக்கு அது தெரியாது. புது பிளக் என்றாலும் ஒரு தடவை கீழே விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிளக்கை வெளியே எடுத்து இன்ஜினில் வைத்து, கயிறு இழுத்து, "கரண்ட் நல்லா வருது" என்பதும் பாதி உண்மைதான். திறந்த காற்றில் பொறி எளிதாகத் தாண்டும். சிலிண்டருக்குள் அமுங்கின காற்றில் தாண்ட அதைவிடப் பலமடங்கு அழுத்தம் வேண்டும். நான் இடைவெளி மாற்றக்கூடிய டெஸ்டரில் 7, 8 மில்லிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். அதையும் தாண்டி நீலமாகச் சொடுக்கினால் நம்பலாம். மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் நம்பாதீர்கள். பக்கத்தில் திறந்த பெட்ரோல் எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பொறி சூட்டில் சாவதற்குக் காரணம் என்ன? ஃப்ளைவீலில் காந்தம், அதற்குக் கீழே கரண்டை உண்டாக்குகிற சார்ஜிங் காயிலும் பொறிக்கு நேரம் சொல்கிற பல்ஸர் காயிலும், அங்கிருந்து சிடிஐ பெட்டி, அப்புறம் பிளக் காயில். முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். எங்காவது கண்ணுக்குத் தெரியாத முறிவு இருந்தால், சூட்டில் விரியும்போது பிரியும், ஆறினால் தொட்டுக்கொள்ளும். கம்பிமேல் பூசின வார்னிஷ் நைந்திருந்தால் சூட்டில் சுற்றுக்குச் சுற்று கசியும். சூடு அதிகம் படுவது ஃப்ளைவீலுக்குக் கீழே இருப்பவற்றுக்குத்தான். அதனால் பிளக் காயிலை மாற்றியும் தீராத கேஸ்களில் சார்ஜிங் காயிலைப் பார்க்கணும்.

மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 100 ஓம் காட்டிய காயில் 70 டிகிரியில் 116 ஓம் காட்டினால் அது நோய் அல்ல, செம்பின் குணம். சூட்டில் திடீரென்று பலமடங்கு எகிறினால், அல்லது ஒன்றுமே காட்டாமல் போனால் அதுதான் முறிவு. மீட்டருக்குள் இருப்பதோ சின்ன பேட்டரி. வார்னிஷ் கசிவு பல ஆயிரம் வோல்ட்டில்தான் வெளிப்படும், மீட்டர் அதை நல்ல காயில் என்றே சொல்லும். ஆகவே மீட்டர் கெட்டது என்றால் நம்புங்கள், நல்லது என்றால் அரைமனதோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் செய்யக்கூடிய எளிய சோதனை ஈரத்துணிதான். மிஸ்ஸிங் வந்ததும் அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை பிளக் காயில்மேல் மட்டும் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மொத்த இன்ஜினும் இன்னும் சூடாக இருக்கும்போது அது மட்டும் ஆறி ஓட்டம் சரியானால், ஆள் மாட்டிக்கொண்டான். இல்லையென்றால் அடுத்த முறை சிடிஐ பெட்டிமேல் போடுங்கள். பல சின்ன 2 சிலிண்டர் இன்ஜின்களில் ஒரே காயிலிலிருந்துதான் இரண்டு பிளக்குக்கும் வயர் போகும், இடம் மாற்றிப் பார்க்க வழியில்லை. தனித்தனிக் காயில் என்றால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள், கோளாறும் சிலிண்டர் மாறுகிறதா பாருங்கள்.

காயில் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் இன்னும் ஒன்று. ஸ்டாப் பட்டன் வயர். அதன் வேலையே கரண்டை எர்த்துக்குத் தள்ளி இன்ஜினை அணைப்பது. அந்த வயரின் தோல் ஹெட் ஓரத்தில் உரசித் தேய்ந்திருந்தால், சூட்டில் இளகி, ஆட்டத்தில் தொட்டுத் தொட்டு விலகும். வருவது மிஸ்ஸிங். பட்டனுக்குள் உப்பு ஏறினாலும் இதே கதி. சிடிஐயிலிருந்து அந்த ஒற்றை வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள், அப்போது பட்டனும் வேலை செய்யாது, ஆள் தவறி விழுந்தால் இன்ஜினை அணைக்கிற, கையில் மாட்டும் சிவப்புக் கயிறும் வேலை செய்யாது. சோக்கை முழுக்க இழுத்துத்தான் அணைக்கணும். எனவே இதைக் கரையோரம், வள்ளத்தைக் கட்டிவைத்துச் செய்யுங்கள்.

எர்த் வயர் முனைகளைக் கழற்றினால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். காரைக்குடியில் சிக்ரி என்று 1953 முதல் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. நமக்கு அவ்வளவு தேவையில்லை, உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும் போதும்.

எண்ணெய், கரண்ட் இரண்டும் போக, நிஜமாகவே இன்ஜின் அளவுக்குமேல் சூடாகிறது என்பது மூன்றாவது. பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் சீறுகிறதே, அது வெதுவெதுப்பாக இருக்கணும். கை வைக்க முடியாமல் கொதித்தால், அல்லது சொட்டுச்சொட்டாக வந்தால் அணையுங்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், தாழையும் சேறும் அதிகம். கியர் பெட்டிப் பக்கம் உள்ள சல்லடையில் தாழை சுற்றியிருக்கும். அது இல்லையென்றால் இம்பெல்லர், குளிர்த்தண்ணீரை ஏற்றுகிற பம்பின் சக்கரம், அதன் ரப்பர் இறக்கைகள் ஒரு பக்கமாக மடங்கி விறைத்திருக்கும். தண்ணீர் இல்லாமல் கரையில் "சும்மா ஒரு நிமிடம்" ஓட்டிப் பார்த்தவர்கள் இம்பெல்லர் வாங்கத் தயாராக இருக்கணும். இன்னொன்று, சில புது மாடல்களில் சூடு மீறினால் இன்ஜினே பொறியை வெட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் மிஸ்ஸிங்.

மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள். மாற்றின பிறகு மிஸ்ஸிங் என்றால் சூட்டை விட்டுவிட்டு மண்ணெண்ணெயைப் பாருங்கள். டீசல் வள்ளத்துக்கு இந்தப் பதில் பொருந்தாது, அங்கே பிளக்கே கிடையாது.

உறைத் தொட்டி, டிரம் இவற்றில் சோதிக்கிறவர்கள் கவனியுங்கள். புரொப்பெல்லருக்கு உண்மையான பாரம் அங்கே கிடைக்காது, அதனால் கடலில் வரும் மிஸ்ஸிங் வராமல் போகலாம். மாறாக, புகை குமிழிகள் தொட்டியிலேயே சுற்றி, அந்தப் புகையையே இன்ஜின் உள்ளிழுத்து, இல்லாத மிஸ்ஸிங் புதிதாக வரவும் செய்யும்.

இவ்வளவும் பார்த்து, துணி வைத்தும் மீளாமல், இரண்டு பிளக்கும் ஈரமாகவே வந்தால் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியிருக்கும். அதைக் கரையில் செய்யாதீர்கள் தம்பி. ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றுகிற புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டினால் காந்தம் தெறித்துவிடும். இன்ஜினை இங்கே கொண்டுவாருங்கள், கூடவே உங்கள் டேங்கையும் குழாயையும். வண்டியில் ஏற்றும்முன் கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் இறங்கும்வரை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் தலைப்பகுதி புரொப்பெல்லர் பக்கத்தைவிட உயரமாக இருக்கட்டும், அடியில் மிச்சமிருக்கும் உப்புத்தண்ணீர் சிலிண்டருக்குப் போய்விடக்கூடாது.